காத்திருக்கும் அறைக்கு ஒரு நீலம்

இடது கை கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை குச்சி முனையில் கறுப்பைத் தொட்டு, விளிம்பில் வழித்துவிட்டு, மீந்ததை மட்டும் வெள்ளிச் சாயத்துக்குள் இறக்கியது. கறுப்பு நூலாக நீண்டு, சுருண்டு, காணாமல் போயிற்று. குச்சி அடிவரை போய் மெதுவாகச் சுற்றியது. அவசரப்பட்டால் குமிழி வரும். கலந்ததை ஒரு தகட்டுத் துண்டில் லேசாக அடித்து, விளக்குச் சூட்டில் காயவைத்து, வாசலில் நின்ற காரின் கதவோடு ஒட்டிப் பிடித்தன அந்தக் கைகள். வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம், பிறகு குனிந்து பக்கவாட்டில் ஒரு தரம்.

“இன்னும் ஒரு சொட்டு” என்றாள்.

பட்டறையில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர் வந்தது இப்படித்தான். வண்டிக்காரர்கள் அவசரப்படுவார்கள். ஓடுகிற வண்டிதானே, இவ்வளவு பார்க்கணுமா என்பார்கள். அவள் மறுபடி குச்சியை எடுப்பாள். கடைசியில் துண்டைக் கதவின்மேல் வைத்தால் துண்டின் ஓரம் எங்கே என்று தேட வேண்டிவரும். அப்போதுதான் தலையை ஆட்டுவாள்.

அடிபட்ட வண்டிகளை நிமிர்த்தி வர்ணம் பூசும் இடம் அது. முன்பக்கம் நெளிவு எடுக்கும் சுத்தியல் சத்தம், நடுவில் உப்புத்தாள் தேய்க்கும் தூசி, பின்பக்கம் பிளாஸ்டிக் திரைக்குள் ஸ்பிரே அறை. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னலுக்குக் கீழே சொட்டக்காவின் மேசை. அந்த இடத்தைத் தன் நாற்காலிக்காக முதலாளி ரொம்ப நாள் கேட்டுப் பார்த்தார். காற்று வேணும்னா ஃபேன் வாங்கிக்கலாம், வெளிச்சம் வேணும்னா எங்கே போய் வாங்குவீங்க என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அங்கே அவள் முதலில் வந்தது கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டத்தான். சாயம் கலக்க அப்போது வேறொருவர் இருந்தார். கம்பெனி அட்டையைப் பார்த்து அதில் உள்ளபடி கலப்பார். வண்டி பிறந்த அன்றைய நிறம்தான் அட்டையில் இருக்கும். வெயிலில் நின்று ஏறிய வயசு அதில் இருக்காது. காகிதம் ஒட்டிக்கொண்டே அவள், “கொஞ்சம் மஞ்சள் கேக்குது” என்று முணுமுணுப்பாள். மனுஷர் எரிச்சலில் ஒருநாள் குச்சியை அவள் கையில் கொடுத்து, அப்ப நீயே போடு என்றார். போட்டாள். அவர் வேறு பட்டறைக்குப் போனபோது மேசை தானாக அவளுடையதாயிற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்த சாயமெல்லாம்தான் சொல்லிக்கொடுத்தது.

அந்த வேலையின் சட்டம் ஒன்றே ஒன்று: வேலை செய்த இடம் தெரியக்கூடாது. வண்டிக்காரர் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அடிபட்டது எந்தப் பக்கம் என்று குழம்பி நின்றால் அதுதான் அவளுக்கு மாலை மரியாதை.

பட்டறையில் இப்படி நிறத்தை ஒளித்துவைத்தவள் வீட்டில் அதை அவிழ்த்துவிட்டாள். இறுகவைக்கும் ஹார்டனர் சேர்த்த சாயம் மீந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிப் போகும். வீணாக்க அவளுக்கு மனசு வராது. தூக்கிப்போட வைத்திருந்த கதவுத் தகடு ஒன்றில் ஒருநாள் மீந்த சிவப்பை அடித்தாள். மறுநாள் மீந்த கறுப்பை அதன்மேல் புகைபோல லேசாகப் படரவிட்டாள். பின்வாங்கிப் பார்த்தாள். நெஞ்சுக்குள் யாரோ கனமான நாற்காலியை இழுத்து நகர்த்தியதுபோல இருந்தது. பூவில்லை, மரமில்லை, முகமில்லை. வெறும் சிவப்பு, அதை மூடவந்து மூட முடியாமல் நின்ற கறுப்பு. அன்றைக்குக் காலையில் மாமியாரோடு வந்த சண்டையில் அவள் விழுங்கிய வார்த்தைகளெல்லாம் அந்தத் தகட்டில் நின்றன, ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

அதிலிருந்து வீடெல்லாம் தகடு. சாம்பல் நிறத்தை நடுவில் வைத்துப் பக்கத்தில் ஆரஞ்சைக் கொண்டுவந்தால் சாம்பலுக்கே நீலம் பூத்துவிடும். அதே ஆரஞ்சை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினால் சாம்பல் செத்துப்போகும். எவ்வளவு அகலம் என்பதைக் கண் சொல்லாது, வயிறு சொல்லும். இதையெல்லாம் யாரிடமும் அவள் விளக்கியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன படம் என்று கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பைப் புருஷன் எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். ஆயிரம் கேள்விக்குப் பழகிய ஆள்.

“அவ நல்லா இருந்தா மஞ்சள், கோபமா இருந்தா கறுப்பு. இன்னிக்கு மஞ்சள் வெளியே இருக்கு. உட்காருங்க, டீ கிடைக்கும்.”

அந்தத் தகடுகளுக்கு ஒரு வேலை வந்தது தங்கை மூலம். தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அங்கே எல்லாரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கூடப்பிறந்த சிஸ்டர் மட்டும் “ஏய்” என்றுதான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தவள், டீயை நின்றபடியே குடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் உறவுக்காரர்கள் காத்திருக்க ஓர் அறை உண்டு. அதில் யாரும் உட்காருவதில்லை. மாடிப்படி, வாசல், பைக் ஸ்டாண்ட் என்று கலைந்துபோகிறார்கள். உள்ளே இருந்து டாக்டர் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தால் ஆள் இருக்காது. தேடி ஓட வேண்டியிருக்கிறது.

முதலில் அங்கே ஓர் அருவிப் படம் மாட்டினார்களாம். அதைப் பார்க்கிறவர்கள் நேரே பாத்ரூமுக்குத்தான் போனார்கள் என்றாள் தங்கை. பிறகு சிரிக்கிற குழந்தை. அதன் எதிரில் ஒருநாள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. அன்றைக்கே கழற்றிவிட்டார்களாம்.

“எதைக் காட்டினாலும் யாருக்காவது சுடுது அக்கா. எதையும் காட்டாதது வேணும். உன் தகடு மாதிரி. ஆனா ஆளை உட்கார வைக்கணும்.”

நிர்வாகத்தில் கேட்டு அந்தச் சுவரைக் கொஞ்ச நாளைக்கு வாங்கிவைத்திருந்தாள். ஆள் உட்காரவில்லை என்றால் மறுபடி அருவிதான். சொட்டக்கா செய்கிறேன் என்று உடனே சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. அவள் மனதில் ஓர் ஆள் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டார், இல்லை, உட்காராமல் நின்றார்.

பட்டறையில் நெளிவு எடுக்கும் டிங்கர்தான் அது. சொட்டக்கா வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறவர். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். கையை வைத்துத் தடவினாலே தகட்டில் எங்கே நெளிவு என்று சொல்லிவிடுவார். ஆனால் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான். பச்சை டின்னைக் கேட்டால் சிவப்பு டின் வரும். கேட்டால், நீ கேட்டது இதுதானே என்று அடித்துச் சொல்வார். பட்டறை முழுக்கத் தெரிந்த ரகசியம். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டி. தங்கை இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் முதல் தடவை திறந்து பார்த்தபோது நினைத்ததைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. எடுக்கலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க டாக்டர் வெளியே வந்தால் அறையில் டிங்கர் இல்லை. எங்கெங்கோ தேடியிருக்கிறார்கள். மனுஷர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் நின்று, யாருடைய சக்கரத்தையோ கழற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தைத்து மூடிவிட்டார்கள். இப்போது மறுபடி திறக்க வேண்டும். அந்த நாளிலிருந்து அவர் சுத்தியலில் தாளம் போய்விட்டது. தட்டுவார், நிறுத்துவார், தட்டுவார்.

அவர் மனைவி சொட்டக்காவைக் கூப்பிட்டு அனுப்பி நேரடியாகவே சொன்னாள். வலியைப் பற்றி இல்லை.

“அவர் அங்க உட்கார்ந்திருக்கார்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் மேசையில படுக்க மாட்டேன். நீ என்ன செய்வியோ.”

டிங்கரிடம் கேட்டதற்கு, வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அந்த அறைக்குள் போனால் சுவர் நெஞ்சில் ஏறுகிறதாம். கூட வந்து உட்காரட்டுமா என்று பலர் கேட்டார்கள். கூட ஆள் இருந்தால், பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறாரே என்று ஓடுவதற்கு இன்னும் வெட்கமில்லாமல் போகும் என்றார்.

சொட்டக்கா அறையைப் போய்ப் பார்த்தாள். ஓரத்தில் வரிசையாக நாற்காலிகள். பச்சையா வெண்மையா என்று தனக்கே தெரியாத ஒரு சுவர். கதவிடுக்கில் பெயர்ந்திருந்த சாயத் துணுக்கு ஒன்றை நகத்தால் எடுத்து மடித்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் அதற்கு ஜோடி கலந்தாள். வித்தியாசமே தெரியாத ஜோடி. ஒரு தகட்டின் நான்கு ஓரத்திலும் அதே சுவர் நிறம், உள்ளே போகப் போக மனசு இளகுகிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு. எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் பிடிபடாது. அவ்வளவு நைசாக அவள் எந்த நிறத்தையும் கரையவிட்டதில்லை. செய்து முடித்தபோது தன்னையே தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

மாட்டிவிட்டுச் சில நாள் கழித்துத் தங்கையோடு போய்க் கதவருகில் நின்று பார்த்தாள். உள்ளே ஒருவர் மட்டும். அவர் தன் துணிப்பையைத் தகட்டின் மூலையில் இருந்த திருகில் மாட்டிவிட்டு, முதுகைத் தகட்டில் சாய்த்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு அவரும் வெளியே போனார்.

“சுத்தமா இருக்கு அக்கா” என்றாள் தங்கை, எப்படிச் சொல்வதென்று தெரியாமல். “படம் எங்க இருக்குன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க.”

சொட்டக்காவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கற்ற பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டாள். சுவரில் ஓட்டை ஒன்றை மூடச் சொன்னதுபோலப் பூசி மறைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டது மறைக்கவா? வாசலில் வந்து நிற்கிற மனுஷனைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்க அல்லவா கூப்பிட்டார்கள்.

“கழற்றிடு. வேற தரேன்” என்றாள். குரலில் ஒரு தளர்வும் இல்லை. தன் தவறு எது என்று தெரிந்துவிட்டால் அவளுக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், பட்டறை வாசல் பெஞ்சில் டிங்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த சிறு தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவர் முகம் இறுகிப்போயிற்று.

“என்ன தங்கச்சி, பரீட்சையா?”

“பேர் கேக்கல அண்ணே. பேர் யாருக்கு வேணும். எது கிட்ட வருது, எது தள்ளிப் போகுது, அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் துண்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டிக் கதவைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலால் நீலத்தைத் தள்ளி, “இது குழி” என்றார். மஞ்சளைத் தொட்டு, “இது மேடு.” சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் ஒன்றாக ஒதுக்கினார்.

“இது ரெண்டும் பட்டி வச்சு மூடின இடம். எனக்கு ஒண்ணும் தெரியல. எப்பவும் தெரிஞ்சதில்ல. உனக்குத் தெரியுமே.”

“தெரியும்” என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இத்தனை வருஷத்து ரகசியம் பெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்ததும் இவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கே ருசி பிடித்துவிட்டது. தினமும் சாப்பிட்டு முடித்ததும், கொண்டா என்று கையை நீட்டுவார். நீலங்களை மட்டும் வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தார். இது சுண்டுவிரல் பட்ட நெளிவு. இது கம்பத்தில் மோதினது. இதில் கை விட்டால் தோள்வரை போகும். சொட்டக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நீலம் அமைதி, சிவப்பு கோபம் என்று எங்கேயோ கேட்டதையெல்லாம் அவளும் ஓரளவு நம்பிவைத்திருந்தாள். இந்த மனுஷருக்கு நிறம் அப்படி ஒரு அர்த்தத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நேரே உடம்பில் வந்து இடித்தது, இல்லாவிட்டால் உடம்பைத் தன் பக்கம் இழுத்தது. அவளுக்கும் அந்த முதல் கதவுத் தகட்டின் முன்னால் நடந்தது அதுதான். அன்றைக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை, இப்போது இருந்தது.

தோள்வரை போகிற நீலத்தைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். டிங்கர் தயங்கினார்.

“வெறும் குழின்னா பயமா இருக்கும் தங்கச்சி. எட்டிப் பார்க்கலாம். உள்ள விழக்கூடாது.”

அதனால் மேடு வேண்டும். மஞ்சள் எங்கே, எவ்வளவு என்பதுதான் அடுத்த வேலை. அட்டைகளில் சின்னதாக அடித்துப் பார்த்து வீட்டுச் சுவரில் சாய்த்துவைப்பாள். புருஷன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் பார்ப்பான். அவன் எதையாவது அடையாளம் கண்டுபிடித்துவிட்டால் அந்த அட்டை குப்பைக்கு. நீலத்துக்குக் கீழே மஞ்சளைக் கோடுபோல நீட்டியபோது, “கடற்கரை ஜோரா இருக்கு” என்றான். குப்பை. நடுவில் வட்டமாக வைத்தபோது, “முட்டையை உடைச்சு ஊத்தியிருக்க.” குப்பை. மேலே வைத்தபோது விடிந்துவிட்டது என்றான். அவளுக்கு எரிச்சல் வந்தாலும் அடுத்த அட்டையை எடுத்தாள். வேண்டுமென்றேதான் அவனைக் காவலுக்கு வைத்திருந்தாள். காத்திருக்கிறவர்களும் எதையாவது தேடத்தான் செய்வார்கள்; தேடினது கிடைத்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

அடுத்து மஞ்சளைக் கீழ்ப்பக்கமாக, அகலமாக, எந்த ஓரத்தையும் தொடாமல் வைத்தாள். சுற்றிலும் நீலம். கத்துகிற மஞ்சள் இல்லை. கொஞ்சம் பழுப்பு கலந்து குரலைத் தாழ்த்தின மஞ்சள். புருஷன் வந்தான், பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

பெரிய தகடு வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். நிறம் சின்னதாக இருந்தால் மனுஷன் அதைப் பார்ப்பான். பெரிதாக இருந்தால் அதற்குள் இருப்பான். பழைய வேன் ஒன்றின் கூரையை வெட்டிக்கொடுத்தார் முதலாளி. அதை நெளிவில்லாமல் தட்டியெடுத்தார் டிங்கர். எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கூரையில் அவர் சுத்தியல் மறுபடி பழைய தாளத்துக்கு வந்ததைப் பட்டறையே கேட்டது.

ஸ்பிரே அறையில் சொட்டக்கா முதலில் சிவப்பை அடித்தாள். அதன்மேல் கறுப்பு. அதன்மேல் கண்ணாடிபோல ஊடுருவிப் பார்க்கக்கூடிய நீலத்தை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்து ஒன்று, காய்ந்து ஒன்று. ஒரே பூச்சில் வருகிற நீலம் சுவர்போல நிற்கும். இப்படிப் படிப்படியாக இறக்கினால்தான் ஆழம் கிடைக்கும். மஞ்சளுக்கான இடத்தைச் சிவப்பு காய்ந்ததுமே டேப் ஒட்டி மறைத்திருந்தாள். பட்டறையில் டேப் ஓரம் என்பது அவமானம். தேய்த்துக் கலைத்து இல்லாமல் செய்துவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவாள். இன்றைக்கு டேப்பை உரித்து மஞ்சளை அடித்தபோது ஓரத்தை அப்படியே விட்டாள். இரண்டு நிறமும் சேருகிற இடத்தில் அடியில் இருந்த சிவப்பு மயிரிழை அளவுக்கு எட்டிப் பார்த்தது. அது டிங்கருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு அந்த விளிம்பு லேசாகத் துடிக்கும். அவருக்கும் அங்கே ஒரு கருத்த வரம்பு கிடைக்கும். போதும்.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, பளபளப்புக்கு மேல்பூச்சு போடலியா என்று கேட்டார். போட மாட்டேன் என்றாள். பளபளப்பு போட்டால் எதிரில் உட்காருகிறவருக்கு அவர் முகம்தான் தெரியும். அந்த அறையில் யாருக்கும் தன் முகத்தைப் பார்க்க ஆசையிருக்காது. முதலாளி, நம்ம பட்டறையில் செஞ்சதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே என்று தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

காய்ந்து முடிந்தது ஆபரேஷன் நாளன்று காலையில்தான். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்காலியில் சொட்டக்கா உட்கார்ந்து காட்ட, அவள் கண்மட்டத்துக்கு மஞ்சள் வரும்படி சுவரில் துளைபோட்டு முடுக்கினார் டிங்கர். முடுக்கும்வரை வேலையாளாக இருந்தார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்ததும் நோயாளியின் புருஷன் ஆனார். மனைவியை ஸ்டிரெச்சரில் கொண்டுபோகும்போது அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். தியேட்டர் கதவு மூடியது.

சொட்டக்கா அவரோடு உட்காரவில்லை. எதிரே நர்ஸ்கள் அறையில், தங்கையின் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரியும். தங்கை பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே அடிக்கடி தலையைத் தூக்கினாள். நீ பார்க்காதே, பார்த்தா எழுந்திருவார் என்று அடக்கினாள் சொட்டக்கா. அந்த நீலத்தின்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் மனுஷன் அதற்கு இடம் கொடுப்பாரா என்பதில்தான்.

உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அறைக்கு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒரு பாட்டி உட்கார்ந்ததும் முக்காட்டை விலக்கிவிட்டுச் சுவரையே பார்த்தாள். திடீரென்று டிங்கர் எழுந்தார். கதவுவரை வந்தார். கைப்பிடியில் கை வைத்துவிட்டார். தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப்போக, சொட்டக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் திரும்பினார். தகட்டுக்கு நேரே போனார், மூக்கு படுகிற தூரத்துக்கு. உள்ளங்கையை நீலத்தின்மேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கீழே இறக்கி, விளிம்பைத் தாண்டி, மஞ்சளில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. பிறகு போய் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கட்டியோடு ஒட்டியிருக்கும் இன்னொரு பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் நல்லது, சம்மதமா என்று கேட்டார். டிங்கர் நின்ற இடத்திலேயே, எடுங்க என்றார். கையெழுத்துப் போட்டார். மறுபடி உட்கார்ந்தார். சாயங்காலத்துக்கு முன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது.

அதற்கப்புறம்தான் சொட்டக்கா அந்த அறைக்குள் போனாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“நேரம் போனதே தெரியலன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஒவ்வொரு நிமிஷமும் தெரிஞ்சுது. ஆனா உட்கார முடிஞ்சுது.”

இதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்குத் தேவைப்படவில்லை. மனைவியைப் பார்க்க அவர் போனார். தங்கை உள்ளே வந்து தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நீலத்தில் ஒரு முழு உள்ளங்கைத் தடம் எண்ணெய்ப் பசையோடு பதிந்து, மஞ்சள்வரை இழுபட்டிருந்தது. பளபளப்பில்லாத பூச்சு அப்படித்தான், தொட்டதைக் காட்டிக்கொடுக்கும்.

“அப்படியே இருக்கட்டுமா அக்கா? அண்ணன் கை.”

“எதுக்கு? நாளைக்கு வர்றவங்களுக்குக் கை வைக்க இடம் வேணாமா?”

மென்மையான துணியை லேசாக நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தடம் மங்கிப் போயிற்று, நீலம் மறுபடி ஆழத்துக்குப் போயிற்று. பாட்டி நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும், கொஞ்சம் நகர்ந்து நில்லும்மா, மறைக்குது என்றாள். சொட்டக்கா நகர்ந்து நின்றாள்.

பட்டறையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹார்டனர் சேர்க்குமுன் எடுத்துவைத்த சாயத்தில் கொஞ்சம் சின்ன புட்டியில் ஊற்றிச் சாவியோடு கொடுப்பது வழக்கம். கீறல் விழுந்தால் தொட்டுக்கொள்ள. பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தாள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். துடைத்த துணியையும் மடித்து அவற்றோடு சேர்த்தாள்.

“ஏய்” என்றாள். “கையை நீட்டு.”

தங்கை சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.